நிரல் மீளாய்வில் தானியங்கி இரைச்சல்: ஒரு வரலாறு

நிரல் மீளாய்வு என்பது ஒருவர் எழுதிய கணினி நிரலை, அது மூல நிரலோடு சேரும் முன் இன்னொருவர் படித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டும் வழக்கம். இந்த வாசிப்பில் மனிதரோடு கருவிகளும் சேர்ந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. கருவிகளின் பேச்சு அளவு மீறும்போது அதை 'இரைச்சல்' என்று நிரலாளர்கள் குறிப்பிடுகின்றனர். இணைப்புக் கோரிக்கை ஒன்றின் கீழ் மனிதர் ஒருவர் வாய் திறப்பதற்குள் ஐந்தாறு தானியங்கிகள் கருத்து எழுதிவிடுவது இன்று சாதாரணம். அந்தக் கருத்துகளில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை அடக்குவது என்பதற்கும் நீண்ட வரலாறு உண்டு.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவோர் புதியவர்கள். காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் இணையவழியில் கூடிக் கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசிவருகிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' இதழ் இதே பொருள்களைத் தமிழில் எழுதிவருகிறது. இத்தகைய இடங்களில் கற்றுக்கொண்டு முதல் திருத்தத்தை அனுப்பும் மாணவருக்கு, உலகின் மறுமூலையிலிருந்து வரும் முதல் பதில் பெரும்பாலும் ஒரு தானியங்கியுடையது: உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை, வரி நீளம் கூடிவிட்டது, சோதனைப் பரப்பு 0.02 விழுக்காடு குறைந்துவிட்டது. இவற்றில் எது தன் தவறு, எது கருவியின் வழக்கமான முணுமுணுப்பு என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லை. பழகியவர் எளிதில் கடந்துபோவதைப் புதியவர் தண்டனையாக எடுத்துக்கொள்கிறார்.

மீளாய்வுக் கூட்டத்தில் யார், எவ்வளவு பேசலாம் என்ற கேள்வி கணினிக்கு மிக முந்தையது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வாரியங்களில் அமரத் தகுதியானவர் யார், ஆகாதவர் யார் என்று விரிவாகப் பேசுகின்றன. கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் இடம்பெற முடியாது. நெல்லைச் சீமையின் மானூர்க் கல்வெட்டு இன்னொரு தொல்லையைக் கவனித்தது. கி.பி. 800 அளவில் பொறிக்கப்பட்ட அது, சபையில் வரும் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் மறுப்பு மட்டுமே சொல்லிக் காரியத்தைத் தடுப்பவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் விடயத்துக்கு ஐந்து காசு தண்டம் விதித்தது. இன்றைய தானியங்கிகள் காசு கட்டுவதில்லை. ஆனால் அவற்றின் மறுப்புக்கு விலை வைக்கும் முயற்சிகள் நடந்துள்ளன.

கூட்டமும் பிசிறும்

முறைப்படுத்தப்பட்ட நிரல் மீளாய்வு ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவர் சொன்ன முறையில் எல்லாம் மனிதர்கள்தாம். நடத்துநர், நிரலை வாசித்து விளக்குபவர், எழுதியவர், சோதிப்பவர் என நான்கைந்து பேர் அறையில் கூடி வரிவரியாகப் பார்த்தனர். நேரம் பிடித்தது, ஆனால் வீண்பேச்சுக்கு இடமில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களில் ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டும் 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்தான் அந்தப் பெயர். நெசவு ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அங்கே பிசிறு எடுப்பவரின் கைக்கும் ஒரு கணக்கு உண்டு: எல்லா நூலையும் பிசிறாகப் பார்த்தால் சேலை மிஞ்சாது.

லின்டின் சிக்கலும் அதுவே. பிழையே இல்லாத நிரலிலும் அது குறை கண்டது. ஆகவே கருவியோடு கூடவே அதை வாயடைக்கும் வழியும் பிறந்தது. 'இந்த இடத்துக்கு ஓட்டம் வந்துசேராது', 'இந்தச் செயற்கூறின் உள்ளீடுகள் பயன்படாதது தெரிந்தே செய்தது' என்பன போன்ற சிறப்புக் குறிப்புகளை நிரலுக்குள் எழுதி வைத்தால் லின்ட் அங்கே பேசாமல் கடந்துவிடும். இன்றைய கருவிகளில் ஒரு வரிக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும் குறிப்புகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். இந்த முறையில் ஒரு நன்மை இருந்தது: யார், எங்கே, எதை அடக்கினார் என்பது நிரலிலேயே எழுத்தாக நின்றது.

எச்சரிக்கையை அடக்கியதன் விலை

இரைச்சலைக் குறைப்பது எப்போதும் நன்மையே என்று நினைப்பவர்கள் டெபியன் இயங்குதளத்தில் 2006 முதல் 2008 வரை நடந்ததைப் பார்க்க வேண்டும்.

ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையப் பரிமாற்றங்களுக்கு மறைகுறியாக்கம் தரும் நிரல் நூலகம். சாவிகளை உருவாக்க அதற்கு யாரும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அதற்காகக் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் தற்செயல் தரவைத் திரட்டி ஒரு தொட்டியில் கலக்கும். தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தையும் அதில் சேர்த்துக்கொண்டது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட், பியூரிஃபை போன்ற கருவிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஓபன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் எந்த நிரலைச் சோதித்தாலும் எச்சரிக்கைகள் கொட்டின. தங்கள் சொந்தப் பிழையைத் தேடியவர்கள் அந்தக் குவியலில் திணறினர்.

டெபியனின் பொதிப் பராமரிப்பாளர் எச்சரிக்கைகளின் மூலத்தைத் தேடிப்போய், தொட்டியில் தரவைக் கலக்கும் ஒரே மாதிரியான இரண்டு வரிகளைக் கண்டார். ஓபன்எஸ்எஸ்எல் குழுவினரிடம் கேட்டார். சாதகமாகத் தோன்றிய பதிலும் வந்தது. இரண்டையும் நீக்கினார். எச்சரிக்கைகள் நின்றன. இரண்டில் ஒன்று நீக்கக்கூடியதுதான். பியூரிஃபை புகார் சொல்கிறது என்று மூல நிரலிலேயே அதன் அருகில் குறிப்பு இருந்தது. மற்றொன்று உண்மையான தற்செயல் தரவு முழுவதும் தொட்டிக்குள் போகும் வாசல். அது மூடியபின் மிஞ்சியது இயங்கும் நிரலின் செயல் எண் மட்டுமே. ஆக, ஒரு வகைச் சாவிக்குச் சாத்தியமான மதிப்புகள் ஏறத்தாழ 32,768க்குள் சுருங்கின. எவரும் எல்லாச் சாவிகளையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. டெபியனையும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவையும் பயன்படுத்திய கணினிகளில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இது யார் கண்ணிலும் படவில்லை. லூசியானோ பெல்லோ கண்டறிந்து சொல்ல, 2008 மே 13 அன்று டெபியன் எச்சரிக்கை வெளியிட்டது. உலகெங்கும் சேவையகங்களின் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

அங்கே கருவி பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னது. தீங்கற்ற வரிக்கும் உயிர்நாடியான வரிக்கும் ஒரே வகை எச்சரிக்கை வந்ததால் இரண்டும் ஒரே மருந்துக்கு ஆளாயின. அந்தப் பராமரிப்பாளரை மட்டும் குற்றவாளியாக்கிய பேச்சு அப்போது நிறைய எழுந்தது. அவர் கேட்காமல் செய்தவர் அல்லர் என்பதைக் கணக்கில் கொண்டால் அது நியாயமாகப் படவில்லை.

அண்மைய மாற்றங்கள்

தானியங்கிகளின் பேச்சைத் தனி ஓடையில் திருப்பிவிடும் வழியைப் பெரிய அளவில் முதலில் கண்டது விக்கிப்பீடியா எனலாம். 2002இல் 'ராம்பாட்' என்ற தானியங்கி அமெரிக்க ஊர்களைப் பற்றி ஏறத்தாழ 30,000 கட்டுரைகளை ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்றியது. 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைப் பார்த்துத்தான் தன்னார்வலர்கள் பிறர் தொகுப்புகளைச் சரிபார்த்துவந்தனர். அந்தப் பக்கம் மூழ்கிப்போனது. அதன்பின் தானியங்கிக் கணக்குகளுக்குத் தனி அடையாளம் கொடுத்து, அவற்றின் தொகுப்புகள் அப்பக்கத்தில் இயல்பாகத் தெரியாதபடி செய்தனர். அவை அழிவதில்லை, விரும்பியவர் ஒரு சொடுக்கில் பார்க்கலாம்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இந்த ஏற்பாடு தயாராகவே கிடைத்தது. தேவையும் அதிகம் இருந்தது. சிறிய விக்கிகளில் மனிதத் தொகுப்புகள் குறைவு. ஆனால் ஒரு கட்டுரை எத்தனை மொழிகளில் உண்டோ அத்தனைக்கும் இணைப்புச் சேர்க்கும் விக்கியிடைத் தானியங்கிகள் எல்லா மொழிகளிலும் சுற்றிவந்தன. ஆப்பிரிக்காவின் ஒரு மொழியில் 'யானை' கட்டுரை எழுதப்பட்டால் தமிழ்க் கட்டுரையின் வரலாற்றிலும் ஒரு வரி கூடும். கவனிப்புப் பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு இது தீராத தொல்லை. வடிகட்டி இதைத் தீர்க்கவில்லை. காரணத்தையே அகற்றியதில்தான் தீர்ந்தது. 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு மொழி இணைப்புகளை ஒரே இடத்தில் வைத்தது. 2013 மார்ச் 6 அன்று அது தமிழ் உள்ளிட்ட மீதமுள்ள எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் விரிந்தது. ஒரு தலைமுறைத் தானியங்கிகளுக்கு அதோடு வேலை போயிற்று. பழைய இணைப்புகளை நீக்கவும் ஒரு தானியங்கிதான் பல இலட்சம் தொகுப்புகளைச் செய்தது என்பது வேறு கதை.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் நிரலாளர்கள் 2012 மார்ச்சில் கிட், ஜெரிட் என்ற ஏற்பாட்டுக்கு மாறினர். அங்கே ஒவ்வொரு திருத்தத்தையும் சோதித்து 'ஜென்கின்ஸ்-பாட்' முடிவு எழுதும். டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தன்னார்வலர்கள் செய்யும் மொழிபெயர்ப்புகளை 'எல்10என்-பாட்' என்ற இன்னொரு தானியங்கி கொண்டுவந்து சேர்க்கும். தமிழ் இடைமுகச் சொற்கள் மென்பொருளுக்குள் நுழைவது இந்த வழியில்தான். சொற்கள் மொழிபெயர்ப்புத் தளத்திலேயே பார்க்கப்பட்டுவிடுவதால் அந்தத் திருத்தங்களை மீளாய்வு வரிசையில் மீண்டும் நிறுத்தி மனிதரை எழுப்புவதில்லை. ஜெரிட்டில் நடப்பதை உரையாடல் அறைகளுக்கு அறிவிக்கும் கருவியை எழுதியவர் சென்னைக்காரரான யுவி பாண்டா. எந்தக் களஞ்சியத்தின் செய்தி எந்த அறைக்குப் போக வேண்டும் என்று அதில் பிரித்துக்கொள்ள முடிந்தது. சிறிய வசதிதான், ஆனால் எல்லார் காதிலும் எல்லாம் விழுவதை அது நிறுத்தியது.

பயனில்லை என்று சொல்லும் பொத்தான்

கூகுள் இந்தச் சிக்கலில் மூன்று முறை தோற்று, பின்னர்தான் தேறியது. அந்த விவரங்களை அதன் பொறியாளர்களே 2018இல் எழுதியுள்ளனர். ஜாவா நிரல்களில் பிழை தேடும் ஃபைண்ட்பக்ஸ் கருவியின் முடிவுகளை 2006இல் ஒரு பலகையில் காட்டினர். அன்றாட வேலையிலிருந்து விலகிப் போய் அதைப் பார்ப்பார் இல்லை. 2009 மே மாதம் நூற்றுக்கணக்கான பொறியாளர்களை ஒரு வாரம் உட்காரவைத்து எச்சரிக்கைகளைப் படிக்கச் செய்தனர். பார்க்கப்பட்ட ஏறத்தாழ 4,000 எச்சரிக்கைகளில் 44 விழுக்காடு பிழையாகப் பதிவாயிற்று. திருத்தப்பட்டது 16 விழுக்காடு மட்டுமே. மூன்றாவதாக, முடிவுகளை நேரே மீளாய்வில் கருத்துகளாக எழுத வைத்தனர். பொய் எச்சரிக்கைகளால் நம்பிக்கை குலைந்தது. ஆளாளுக்கு வடிகட்டி வைத்துக்கொண்டதால் ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்கவில்லை. 2011இல் மீளாய்வுக் கருவி மாறியபோது அதையும் கைவிட்டனர்.

அடுத்து வந்த 'ட்ரைகார்டர்' எச்சரிக்கையின் தரத்தை அளக்கும் அளவுகோலையே மாற்றியது. எச்சரிக்கை உண்மையா பொய்யா என்று கருவி எழுதியவர் தீர்மானிப்பதை விட்டு, அதைப் படித்த நிரலாளர் அதனால் ஏதாவது செய்தாரா என்று பார்த்தனர். உண்மையான பிழையையே சுட்டினாலும், படித்தவர் புரிந்துகொள்ளாமல் விட்டால் அது பொய் எச்சரிக்கைக் கணக்கில் சேரும். ஒவ்வொரு தானியங்கிக் கருத்தின் அருகிலும் 'பயனில்லை' என்ற பொத்தான் வைக்கப்பட்டது. மீளாய்பவர் 'இதைத் திருத்துக' என்று வழிமொழியவும் வசதி இருந்தது. ஒரு பகுப்பாய்வியின் பயனற்ற கருத்துகள் 10 விழுக்காட்டைத் தாண்டினால் அதை எழுதியவர் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் அது நிறுத்தப்படும். மானூர்ச் சபையின் ஐந்து காசுக்கு மிக அருகே வரும் ஏற்பாடு இதுவே.

ஃபேஸ்புக்கின் 'இன்ஃபர்' அனுபவம் இன்னும் சுருக்கமானது. இரவில் ஓடிப் பிழைப் பட்டியல் தயாரித்து மறுநாள் நிரலாளர்களுக்கு ஒதுக்கியபோது ஏறக்குறைய யாரும் திருத்தவில்லை. அதே கருவி, அதே வகைப் பிழைகளைத் திருத்தம் மீளாய்வுக்கு வந்த நேரத்தில் சொன்னபோது 70 விழுக்காட்டுக்கு மேல் திருத்தப்பட்டன. எதைச் சொல்வது என்பதைவிட எப்போது சொல்வது என்பது பெரிதாக இருந்திருக்கிறது.

லினக்ஸ் கருவகத்திலும் இதே பாடம். நடைப் பிழைகளைச் சுட்டும் செக்பேட்ச் என்ற சிறு நிரல், வழிகாட்டி மட்டுமே, மனிதத் தீர்ப்புக்கு மாற்று அல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது.

ஆறு எழுத்தா, பதினொன்றா

தமிழுக்கென்றே ஓர் இரைச்சலும் உண்டு. பொதுவான வரலாறுகளில் இது இடம்பெறுவதில்லை. பைத்தான் மொழியின் நடைவிதி ஒரு வரிக்கு 79 குறியீடுகள் என்று எல்லை வைக்கிறது. கருவி எண்ணுவது ஒருங்குறிப் புள்ளிகளை. 'காஞ்சிபுரம்' என்பதில் தமிழர் எண்ணும் எழுத்துகள் ஆறு. ஒருங்குறிப் புள்ளிகள் பதினொன்று. யுடிஎஃப்-8 பைட்டுகள் முப்பத்து மூன்று. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால், திரையில் குட்டையாகத் தெரியும் தமிழ் வரி விதியை மீறியதாக எச்சரிக்கை வரும். பைட்டுகளை எண்ணும் கருவியிடம் நிலைமை இன்னும் மோசம். தமிழ் உரையைக் கையாளும் 'ஓபன்-தமிழ்' நூலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி உண்டு. ஆனால் பரவலான சோதனைக் கருவிகள் அதைப் பயன்படுத்துவதில்லை. தமிழ்த் தரவுள்ள கோப்புகளுக்கு அந்த விதியை மட்டும் விலக்கி வைப்பது நடைமுறைத் தீர்வு. அதைக் களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் ஒவ்வொரு புதியவரும் அதே எச்சரிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

கிட்ஹப் காலம்

2008இல் தொடங்கிய கிட்ஹப் இணைப்புக் கோரிக்கையைப் பொதுச்சொத்தாக்கியது. யார் வேண்டுமானாலும் தானியங்கி எழுதிக் களஞ்சியத்தில் சேர்க்கலாம் என்ற நிலை வந்தது. குபர்நெட்டிஸ் போன்ற பெருந்திட்டங்களில் தானியங்கியோடு பேசுவதே கருத்துகள் வழியாகத்தான். 90 நாள் அசைவில்லாத கோரிக்கை 'பழையது' ஆகும். மேலும் 30 நாளில் 'அழுகியது'. இன்னும் 30 நாளில் மூடப்படும். ஒவ்வொரு படியிலும் ஓர் அறிவிப்பு. மனிதர் எவரும் பார்க்காத கோரிக்கைக்கு இப்படி மூன்று மடல்கள் வருவது அனுப்பியவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2018இல் கிட்ஹப் சோதனை முடிவுகளுக்குத் தனிப் பலகை கொடுத்தது. கருத்துப் பகுதியில் எழுதாமலேயே குறிப்பிட்ட வரியின் அருகில் முடிவைக் காட்ட அது வழி செய்தது. சார்புப் பொதிகளைப் புதுப்பிக்கும் டிபெண்டபாட் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு கோரிக்கை அனுப்பிக் களஞ்சியங்களை நிரப்பிவந்தது. 2023இல் பலவற்றைத் தொகுத்து ஒன்றாக அனுப்பும் வசதி வந்தது. பல தானியங்கிகள் ஒவ்வொரு முறையும் புதிய கருத்து எழுதுவதை விட்டு, முன்பு எழுதியதையே திருத்திக்கொள்ளத் தொடங்கின. பிரேசில் ஆய்வாளர் மைரியெலி வெசெல் தம் குழுவினரோடு 2021இல் வெளியிட்ட ஆய்வு, இணைப்புக் கோரிக்கைத் தானியங்கிகள் பற்றிய முறையீடுகளின் மையம் இரைச்சலே என்று கண்டது. எல்லாத் தானியங்கிகளின் பேச்சையும் வாங்கிச் சுருக்கிச் சொல்லும் இன்னொரு தானியங்கியை அவர்கள் தீர்வாக முன்வைத்தனர். மேலாளரைக் கட்டுப்படுத்த இன்னொரு மேலாளர் என்று சிலர் கேலி செய்யலாம்; ஆனால் படிப்பவருக்கு ஏழு கருத்துக்குப் பதில் ஒன்று என்பது மெய்யான இலாபம்.

இரைச்சல் இயந்திரத்திலிருந்து மட்டும் வரவில்லை. 2020 அக்டோபரில், நான்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பினால் டி-சட்டை தரும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வின்போது, உலகின் பல களஞ்சியங்களில் பொருளற்ற திருத்தங்கள் குவிந்தன. ஆவணத்தில் ஒரு சொல், 'அருமையான திட்டம்' என்று ஒரு வரி. இந்தியாவில் பரவலாகப் பார்க்கப்பட்ட ஒரு செயல்விளக்கக் காணொளி இதற்குப் பெருங்காரணமாகச் சுட்டப்பட்டது. நடத்திய டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் அக்டோபர் 3 அன்று விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த களஞ்சியங்களுக்கு மட்டும் நிகழ்வைச் சுருக்கியது. பல பராமரிப்பாளர்கள் புதிய கணக்குகளையே தற்காலிகமாகத் தடுத்தனர். அந்த வாரங்களில் உழைத்து உண்மையான திருத்தம் அனுப்பிய இந்திய மாணவர்களும் அதே கதவின் வெளியே நின்றனர்.

பெரிய மொழி மாதிரிகளின் வரவுக்குப் பின் பிரித்தறிவது இன்னும் கடினமாயிற்று. லின்டின் எச்சரிக்கை இயந்திரத்தனமாக ஒலித்தது. இப்போதைய மீளாய்வுத் தானியங்கிகள் பணிவோடும் பத்தி பிரித்தும் எழுதுகின்றன, தவறாக இருக்கும்போதும். கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க் 2024 தொடக்கத்திலேயே, செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த போலிப் பாதுகாப்பு அறிக்கைகள் தன்னார்வலர்களின் நேரத்தைத் தின்பதாக எழுதினார். அந்தத் திட்டம் பிழை கண்டுபிடிப்போர்க்குக் கொடுத்துவந்த பரிசு 2026 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. இதற்கிடையே 2025இல் ஒருவர் அதே வகைக் கருவிகளின் துணையோடு கர்ல் நிரலை ஆராய்ந்து, கிடைத்ததைத் தாமே சலித்துப் பட்டியலிட்டு அனுப்பினார். அதிலிருந்து ஏறத்தாழ ஐம்பது திருத்தங்கள் நிரலில் சேர்ந்தன.